பெயின்ட் பூசிப் பூசியே சாத்தாமல் போன கதவு

ஞானம்மாள் இல்லத்தில் குளியலறைக் கதவு சாத்தாது. மரம் ஊறிப்போனதால் இல்லை, கீல் தொங்கிப்போனதாலும் இல்லை. நல்லவர்கள் அடிக்கடி வந்துபோனதால் அந்தக் கதவுக்கு இந்த நிலைமை.

பெங்களூரில் அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து ஒரு வேன் வந்து நிற்கும். எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். முதியவர்களுக்குச் சேவை செய்ய வந்திருக்கிறோம் என்பார்கள். சேவை என்றால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது பெயின்ட் அடிப்பது ஒன்றுதான். சுவருக்கு அடிப்பார்கள், ஜன்னலுக்கு அடிப்பார்கள், மிச்சம் இருப்பதைக் கதவுக்கு அடிப்பார்கள். அடிப்பதற்கு முன்னால் பழையதைச் சுரண்ட வேண்டும். ஆனால் சுரண்டினால் தலையெல்லாம் தூசி விழும், போட்டோ நன்றாக வராது. அதனால் யாரும் சுரண்டவில்லை. ஒரு கம்பெனியின் பச்சைமேல் இன்னொரு கம்பெனியின் ரோஸ், அதற்குமேல் மஞ்சள், அதற்குமேல் வானநீலம் என்று ஏறி ஏறி, கதவு நிலைக்குள் நுழைய முடியாத அளவுக்குத் தடித்துவிட்டது.

குளிக்கிறவர்களுக்கு மானம் வேண்டுமே. அதற்கு உஷா இருந்தாள். ஒரு பழைய படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குளியலறை வாசலில் நிற்பாள். அந்த வீட்டில் கதவு என்றால் உஷாதான்.

வீட்டை நடத்துகிற டோரீன் எனக்கு ஒரு வகையில் தங்கை, இன்னொரு வகையில் ஓரகத்தி. அவள் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு நேர் தம்பி சிரிலைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். ஆகையால் ஞானம்மாள் எங்கள் இரண்டு பேருக்கும் மாமியார். அந்தம்மாள் பெயரில் இல்லம் நடப்பதைப் பார்த்து, 'என்ன மரியாதை, என்ன பாசம்' என்று கோயிலில் பேசிக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். உயிரோடு இருந்த காலத்தில் மாமியாரும் மருமகளும் ஒரு குழம்பில் உப்புக்கு ஒத்துப்போனதில்லை. படுத்த படுக்கையாகி, டோரீன் கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதும், "இதுல உப்பு இருக்குதா, இல்ல அதையும் உன் அம்மா வீட்டுக்குக் கட்டி அனுப்பிட்டியா?" என்று கேட்டவள் அவள். வீடு அவளுடையது. சாகும்போது, "என் பேரை வெச்சு ஏதாவது பண்ணு, உன் பேரை வெச்சுடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

டோரீன் அதுவரை சிவாஜிநகரில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்தாள். வலியோடு வருகிறவர்களை வரிசையில் உட்காரவைக்கிற கலை அவளுக்கு அங்கே கைவந்தது. மாமியார் படுத்திருந்த நாளிலேயே பேச்சுத் துணைக்கென்று பக்கத்துச் சந்து ஆஞ்சலா பகலில் வந்து உட்காருவாள். மகன் ஆஸ்திரேலியா போனபின் ஆஞ்சலா இரவிலும் இருந்துவிட்டாள். பிறகு லாயிட் வந்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டில் டிரம்பெட் ஊதினவன். ஊதுவதற்கு மூச்சு இல்லாமல் போனபின் வேலை போனது, வேலை போனபின் வாடகை வீடு போனது. அவன் என் வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். மாமியார் செத்துப் பதினாறாம் நாள் சாப்பாடு போட்டு முடித்தபோது, வந்தவர்கள் எல்லோரும் போனார்கள், இவர்கள் போகவில்லை. மேடை ஏற்றி மாலை போடுகிறவர்கள் டோரீன் இல்லம் தொடங்கினாள் என்கிறார்கள். அவள் எதையும் தொடங்கவில்லை. எழுந்து போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். சிரிலும் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது ஒரு டஜன் பேர் அங்கே இருக்கிறார்கள்.

கொடுக்கிறவர்களுக்குப் பெங்களூரில் பஞ்சம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று இடத்திலிருந்து பிரியாணி வரும். செவ்வாய்க்கிழமை ரசத்துக்குத் தக்காளி இருக்காது. பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் கேக் கொண்டுவந்து, மெழுகுவத்தி ஏற்றி, கிழவர்களைச் சுற்றி நிறுத்திப் பாடச் சொல்வார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. லாயிட்டுக்கு ஒரு கால் விரலே அதில் போயிற்று. ஒரு சனிக்கிழமை நாலாவது கேக் வந்து நின்றபோது, "இன்னிக்கு எத்தனை பேர்தான் மேன் பொறந்தீங்க? கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பொறக்கக் கூடாதா?" என்று கேட்டே விட்டான். ஆணோ பெண்ணோ, அவனுக்கு எல்லோரும் மேன்தான்.

துணி மூட்டைகளும் வரும். பிரித்தால் நீச்சல் கண்ணாடி இருக்கும், பட்டம் வாங்கும்போது போடுகிற கறுப்பு அங்கி இருக்கும், ஒற்றைக் கால் செருப்பு இருக்கும். தன் வீட்டில் வைக்க இடமில்லாததற்கு அடுத்தவன் வீட்டில் இடம் கண்டுபிடிப்பதற்கும் தர்மம் என்றே பெயர் ஆகிவிட்டது.

கம்பளி கதை தனி. சிவாஜிநகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி நல்ல மனுஷர். வருஷா வருஷம் கட்டுக்கட்டாகக் கம்பளி அனுப்புவார். அதுவும் கடையில் பழைய சரக்கைத் தள்ளுகிற சித்திரை வெயிலில். ஒரு வருஷம் உஷாவுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், டோரீன் அந்தக் கம்பளிகளை பிளாட்பாரத்தில் விற்கிறவனிடம் தள்ளிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வேறொரு சங்கத்தார் வந்து, பாட்டுப் பாடி, அதே கம்பளிகளைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓரத்தில் ஆஞ்சலா அடையாளத்துக்குப் போட்ட ரோஸ் நூல் தையல் அப்படியே இருந்தது.

இத்தனை கொடுக்கிறவர்களில் உஷாவுக்குச் சம்பளம் கொடுக்கிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

உஷா கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். புருஷன் வெங்கி லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறான். எலக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய ஹெப்பகோடியில் வீடு. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி அல்சூருக்கு வருவாள். ஆஞ்சலா இப்போது எழுந்து உட்காருவதில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒருவர் தோளையும் ஒருவர் இடுப்பையும் பிடித்தால்தான் வலிக்காமல் திருப்பலாம். டோரீன் தோள், உஷா இடுப்பு. அந்த வீடு அந்த நாலு கையில் நின்றது.

இந்த இடத்தில்தான் ராஜேஷ்குமார் வந்து நல்லது செய்தான்.

எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் இந்தச் சேவைகளை எல்லாம் ஏற்பாடு செய்கிற வேலை அவனுக்கு. சேலத்துப் பையன். சிரித்த முகம், கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. வானநீலம் அவன் கொண்டுவந்ததுதான். அன்றைக்குப் பிள்ளைகள் அடித்துவிட்டுப் போனபிறகு, தரையில் சிந்தியதை உஷா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த ராஜேஷ்குமாருக்கு மனம் இளகிவிட்டது.

அடுத்த வாரம் உஷா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கிற மாதிரி இருந்தா சொல்லாதே," என்றாள் டோரீன்.

"அந்த பெயின்ட் சார் இல்ல, அவரு எனக்கு வேலை பாத்துக் குடுத்துக்கிறாரு. எங்க ஏரியாலயே. அவங்க ஆபீஸ்ல கீழ் மாடி கிளீனிங்."

"நீ கேட்டியா?"

"நான் எங்க கேட்டேன்க்கா. தரை தேச்சுக்கினு இருந்தேன். 'இவ்ளோ கஷ்டப்படுறீங்களே, உங்களுக்கு ஏதாவது நல்லது பண்ணணும்'னாரு. பண்ணிட்டாரு."

"எனக்கு நல்லது பண்றேன்னு வந்தவன் உனக்குப் பண்ணிட்டுப் போயிருக்கான்."

"ஈஎஸ்ஐ இக்குதாம், பிஎஃப் இக்குதாம். ஒண்ணாந்தேதி ஆனா டாண்ணு சம்பளம்..." உஷா பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஞானம்மாள் இல்லத்தில் ஒண்ணாம் தேதி என்பது சில மாதம் பன்னிரண்டாம் தேதி வரும், சில மாதம் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும்.

"சொல்லு. நிறுத்திட்டா மட்டும் எனக்குப் புரியாதா?"

"உன்னைக் குறை சொல்லலக்கா."

"குறை இருக்குது, சொல்லாம எப்படி. போடி. நான் உன் இடத்துல இருந்தா போன வருஷமே போயிருப்பேன்." சொல்லிவிட்டு டோரீன் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணாந்தேதி வரைக்கும் இரு. அதுக்குள்ள யாரையாவது பிடிக்கிறேன்."

உள்ளே படுத்திருந்த லாயிட்டுக்குக் காது மட்டும் இன்னும் பழுதில்லை. "டோரீன், கதவு போகுதாமே மேன்," என்றான்.

உஷா போனால் ஆஞ்சலாவை யார் திருப்புவது? அது ஒரு கேள்வி இல்லை, அதுதான் மொத்தக் கேள்வியும். திருப்ப ஆள் இல்லாத வீட்டில் படுக்கையில் இருப்பவளை வைத்துக்கொள்ள முடியாது. ஆஞ்சலாவை வேறெங்காவது அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு அவளுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு போன் நம்பர் மட்டும்தான் இருந்தது. அதுவும் பிறந்தநாளுக்கு மட்டும் எடுக்கும்.

டோரீன் முதலில் கணேசமூர்த்தியிடம் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். காப்பி வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போயிற்று.

"சம்பளமாம்மா? நீ வேற ஏதாவது கேளும்மா. சாப்பாடு போடணுமா, நாளைக்கே போடுறேன்."

"சாப்பாடு இருக்குது சார். ஊட்டுறதுக்குக் கைதான் இல்ல."

"இல்லம்மா, நீ புரிஞ்சுக்கணும். அன்னதானம் பண்ணினா புண்ணியம் எனக்கு வரும். சம்பளம் குடுத்தா, வேலை செய்யற அந்தப் பொண்ணுக்கில்ல புண்ணியம் போயிடும். எனக்கு அது செலவுக் கணக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்பளி வேணுமா?" என்றார்.

வெளியே வந்ததும் டோரீன், "அக்கா, புண்ணியத்துக்குக்கூட ரசீது கேக்குறாங்க பாரு," என்றாள்.

பிறகு ராஜேஷ்குமாருக்கே போன் போட்டாள்.

"மேடம், எங்க பாலிசில சேலரிக்குக் குடுக்க முடியாது. பொருளாக் கேளுங்க. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், எது வேணா."

"வாஷிங் மெஷின் ஆஞ்சலாவத் திருப்பிப் படுக்க வைக்குமாப்பா?"

"அது வந்து... அந்த மாடல் இல்ல மேடம்."

"சரி, உங்க ஆபீஸ்ல உஷாவுக்குச் சம்பளம் யாரு குடுக்கிறது?"

"எங்க கம்பெனிதான். ஆனா அது பில்டிங் செலவு. இது சேவைக் கணக்கு."

"ரெண்டும் ஒரே பாக்கெட்தானே?"

"ஒரே பேன்ட்தான் மேடம். பாக்கெட் வேற வேற."

இரண்டு பெண்களை டோரீன் பிடித்தும் பார்த்தாள். ஒருத்தி ஆஞ்சலாவின் படுக்கையைப் பார்த்ததும் கும்பிடு போட்டுப் போய்விட்டாள். இன்னொருத்தி ஏஜென்சி மூலம் வந்தவள், கேட்ட சம்பளத்துக்கு டோரீனையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒண்ணாம் தேதி உஷா போனாள். போகும்போது ஆஞ்சலாவின் தலையை வாரிவிட்டுப் போனாள். அந்த வாரமே டோரீன் போனுக்கு ராஜேஷ்குமாரிடமிருந்து ஒரு படம் வந்தது. உஷா நீலச் சீருடையில் துடைப்பத்தோடு நிற்கிறாள். கீழே, 'அல்சூர் முதியோர் இல்லத் திட்டம்: ஒரு பெண்ணின் வாழ்வு உயர்ந்தது' என்று போட்டிருந்தது.

டோரீன் என்னிடம் காட்டினாள். பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது சனிக்கிழமை வேன் வந்தது. ராஜேஷ்குமாரும் ஒரு கூட்டம் பிள்ளைகளும் பெயின்ட் டப்பாக்களோடு இறங்கினார்கள். இந்த முறை ஊதா. டோரீன் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் உடம்புக்கு அந்த வாசல் சரியாக இருந்தது.

"இன்னிக்குச் சுவருக்கு லீவு," என்றாள்.

ராஜேஷ்குமார் சிரித்தான். "என்ன மேடம், வேற கலர் வேணுமா?"

"கலர் வேணாம் கண்ணு. கை கழுவிட்டு உள்ள வாங்க. உஷா பண்ணின வேலை பத்து நாளாக் கெடக்குது. ஆளுக்கு ஒண்ணு எடுங்க."

உள்ளே வந்து பார்த்தார்கள். பின்கட்டில் விரிப்புகள் மலையாகக் கிடந்தன. குளிக்காத கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பல் டாக்டர் வீட்டு வரிசை மாதிரி. வந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த நிமிஷமே முக்கியமான போன் வந்து, வேனுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, என் சொந்த மகனே அந்த வீட்டுக்கு வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போகிறவன்தான். மிச்சம் இருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். இரண்டு பையன்கள் விரிப்பை வாளியில் போட்டு, அது ஏதோ கடித்துவிடும் என்பது போல ஒரு விரலால் அமுக்கினார்கள். போகப் போக விரல் கையாயிற்று. கடைசியில் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு வாளியில் இறங்கி மிதித்தே விட்டார்கள்.

லாயிட்டைக் குளிக்கவைக்க ஒரு பையனை அனுப்பினாள் டோரீன். அவன் முதல் வேலையாக லாயிட்டோடு போட்டோ எடுக்கக் கையை நீட்டினான்.

"போட்டோன்னா சட்டை போட்டுக்கினு எடுக்கலாம் மேன். இப்ப தண்ணிய ஊத்து," என்றான் லாயிட். "அதுக்கு முன்னாடி யாராவது கதவாகுங்கப்பா. ரோட்டுல போறவன் எல்லாம் பாக்குறான்."

டோரீன் பழைய விரிப்பை எடுத்து ராஜேஷ்குமார் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு மேடம்? கதவைச் சாத்திடலாமே."

"சாத்து, பாக்கலாம்."

தள்ளினான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். நாலு விரல்கடை இடைவெளியில் கதவு நின்றுவிட்டது.

"டைட்டா இருக்கு மேடம்."

"இருக்காதா? ஊருல இருக்கிற கம்பெனி எல்லாம் அதுமேல ஏறி உக்காந்திருக்குது. கடைசியா ஏறினது உங்க வானநீலம்."

ராஜேஷ்குமார் விரிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். லாயிட் முடிந்து அடுத்தவர், அவர் முடிந்து அடுத்தவர். கை வலித்தால் ஒரு பக்கம் தாழ்ந்துவிடும். உடனே உள்ளேயிருந்து சத்தம் வரும். "கதவு தம்பி, ஆடாதே. காத்து வருது."

அதே நேரத்தில் டோரீன் ஆஞ்சலாவிடம் போனாள். அனுஷா என்று ஒரு உயரமான பெண் கேட்காமலே கூட வந்தாள். "நீ இடுப்பைப் பிடி, நான் தோளைப் பிடிக்கிறேன். ஒண்ணு ரெண்டுன்னு சொல்லும்போது சேந்து திருப்பணும்," என்றாள் டோரீன். திருப்பினார்கள். ஆஞ்சலா முனகினாள். சட்டையை விலக்கிப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் சிவந்து உரிந்திருந்தது.

அனுஷா கையை எடுக்காமலே கேட்டாள். "இது எப்போலேர்ந்து ஆண்டி?"

"உஷா உங்க ஆபீஸ்ல சேந்ததுலேர்ந்து. நான் ஒருத்தியாத் திருப்பினா இழுபடுது. அதான் தோல் போச்சு."

டோரீன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அந்த அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருப்பது ஒரு தட்டி. விரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவன் காதில் அது முழுசாக விழுந்தது.

வேன் கிளம்புகிற நேரத்தில் ராஜேஷ்குமார் படியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணினேன்," என்றான்.

"தெரியும். கெட்டது பண்றவன்னா ஒரு போலீஸ் கம்ப்ளைன்ட் குடுத்து முடிச்சிருப்பேன். நல்லது பண்றவன எங்க போய்க் குடுக்கிறது?"

அவன் சிரிக்க முயன்றான். "முன்னாடியே என்ன வேணும்னு உங்களைக் கேட்டிருக்கணும்."

"கேட்டா சம்பளம்னு சொல்லியிருப்பேன். நீ பாலிசின்னு சொல்லியிருப்பே. கேட்டும் என்ன?"

அனுஷா கைகழுவிக்கொண்டு வந்தாள். "ராஜேஷ், சேவைக்கு வர்ற நமக்கு டிரெயினிங் குடுக்கறதுக்குப் பணம் ஒதுக்கியிருக்கே. போன வருஷம் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போய், கண்ணை மூடி மூச்சு விடச் சொல்லிக் குடுத்தாங்களே, அந்தக் கணக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"இன்னிக்கு நமக்கு ஒண்ணுமே தெரியல. நமக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும். மாசம் முழுக்க, இந்த இடத்துலயே இருந்து."

ராஜேஷ்குமார் அவளைப் பார்த்தான். பிறகு டோரீனைப் பார்த்தான். "பேன்ட்டுல இன்னொரு பாக்கெட் இருக்குது மேடம்," என்றான்.

சம்பளம் என்றால் தர மாட்டார்கள், பயிற்சி என்றால் தருவார்கள். பயிற்சி கொடுக்கிறவள் உஷா. பெயரை மாற்றினால் பூட்டு திறக்கும் என்று எங்கள் மாமியாருக்கு மட்டும் தெரிந்திருந்தால் வீட்டுக்குத் தன் பெயரை அவ்வளவு பிடிவாதமாகக் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் அது அன்றைக்கே நடந்துவிடவில்லை. மேலிடத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு மேலே இன்னொருவர். ராஜேஷ்குமார் அலைந்தான். அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அனுஷா வேலைக்குப் போகும் வழியில் தினமும் வந்து இடுப்பைப் பிடித்தாள். அவளுக்கு முடியாத நாளில் துணி மிதித்த பையன்களில் ஒருத்தன் வந்தான். ஆஞ்சலாவின் புண் பெரிதாகாமல் நின்றது.

கையெழுத்து வந்தபோது உஷா வரமாட்டேன் என்றாள்.

எல்லோருக்கும் அதிர்ச்சி, எனக்கும் டோரீனுக்கும் தவிர. டோரீனே ஹெப்பகோடிக்குப் போய்க் கூப்பிட்டாள். உஷா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொன்னாள். "உன் மேல பாசம் இக்குதுக்கா. பாசத்துக்கு ரெண்டு பஸ் மாறி வந்தேன், வருஷக்கணக்கா. இனிமே முடியாது. இங்க ஏசில தொடைக்கிறேன். யாரும் என் மேல வாந்தி எடுக்கிறதில்ல."

"சரி. என்ன இருந்தா வருவே, சொல்லு."

"ஞாயித்துக்கிழமை லீவு. பஸ் பாஸ். ஈஎஸ்ஐ போகக் கூடாது. ஒண்ணாந்தேதி சம்பளம் அவங்க கையிலேர்ந்து வரணும், உன் கையிலேர்ந்து வேணாம். உன் கையில வந்தா, அரிசி இல்லன்னு பாத்துட்டு நானே திருப்பிக் குடுத்துடுவேன்."

டோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படி இரண்டு மூன்று முறை நடந்திருக்கிறது.

கேட்டது எல்லாம் கிடைத்தது, பஸ் பாஸைத் தவிர. அது எந்தக் கணக்கிலும் அடங்காது என்று ராஜேஷ்குமார் வருத்தப்பட்டான். அந்தச் சமயத்தில் கணேசமூர்த்தி போன் பண்ணினார். "கம்பளி அனுப்பட்டுமாம்மா?"

"வேணாம் சார். போன வருஷத்ததே இருக்குது."

"அப்போ என்னதான் வேணும்?"

இத்தனை வருஷத்தில் கொடுக்கிறவர் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்," என்று சொல்லிவிட்டு டோரீன் என்னைப் பார்த்தாள். நான் பஸ் என்று வாயசைத்தேன். அவர் முனகினார். புண்ணியம் யாருக்கு என்று மறுபடியும் ஆரம்பித்தார். "நோயாளியத் தொடுற கைய வண்டி வெச்சுக் கூட்டியாறீங்க சார். இது உங்களுக்கு வராம எங்க போகும்?" என்று டோரீன் ஒரே போடாகப் போட்டாள். பல் டாக்டர் வீட்டில் கற்ற வித்தை. மாதா மாதம் பாஸ் அவர் கடைப் பையனே வாங்கிக் கொடுத்துவிடுகிறான். கடை பெயர் போட்ட கவரில் வைத்துத்தான். போகட்டும்.

உஷா வருவதற்கு முந்தின சனிக்கிழமை ராஜேஷ்குமாரின் கூட்டம் கதவைக் கழற்றிப் பின்கட்டில் போட்டுச் சுரண்டியது. வந்தது பாதிக் கூட்டம்தான். வானநீலம் போனது, மஞ்சள் போனது, ரோஸ், பச்சை, அதற்கும் கீழே யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு காவி. எல்லோரும் மாவு மில்லில் வேலை செய்கிறவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. அடியில் தேக்குமரம் இருந்தது. அது மாமியார் காலத்துக் கதவு. மாட்டித் தள்ளினார்கள். சத்தமில்லாமல் போய் நிலையில் உட்கார்ந்தது.

பயிற்சி என்ற உத்தரவு ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் ராஜேஷ்குமார் அந்த நாற்காலியில் இருப்பானோ என்னவோ. அப்போது உஷாவுக்கு வேறு ஏதாவது பெயர் வைக்க வேண்டும். டோரீன் இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறாள். நேரே சம்பளம் என்று சொல்லி நேரே வாங்குகிற காலம் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன்.

உஷா திங்கட்கிழமை வந்தாள். முதலில் ஆஞ்சலாவைத் திருப்பினார்கள், டோரீன் தோள், இவள் இடுப்பு. புண் காய்ந்திருந்தது. பிறகு லாயிட்டைக் குளியலறைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்து, வாளியைப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள் உஷா. வந்தவள் பழக்கத்தில் விரிப்பை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சாத்திய கதவின் முன்னால் நின்றாள்.

உள்ளேயிருந்து லாயிட் கேட்டான். "உஷா, கதவுதான் சாத்திக்கிச்சே மேன். நீ என்ன பண்றே வெளிய?"

அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். "சும்மா நிக்கிறேன் அங்கிள்," என்றாள்.

"நில்லு, நில்லு. இப்ப ஒண்ணாந்தேதி டாண்ணு சம்பளம் வருது இல்ல."